‘அமைதி காக்கவும்’: பதின்பருவத்தினரின் கைப்பேசியும் நம் நூலகங்களும்

1

பதின்பருவத்தினரையும் நூலகத்தையும் சேர்த்துப் பேசுகிற எவரிடமும் ஒரு சொல்லாடல் தயாராக இருக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள், வாசிப்பு செத்துக்கொண்டிருக்கிறது, அவர்களை எப்படியாவது நூலகத்துக்கு ‘மீட்டு’க் கொண்டுவர வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கிற தேசிய நூலக வாரத்தில் இந்தச் சொல்லாடல் மேடையேறுகிறது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி. பரிசாக ஒரு புத்தகமும் சான்றிதழும். பரிசு வாங்கிய பிள்ளை சான்றிதழைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு வீடு திரும்புகிறது. மறுநாள் நூலகம் பழைய நூலகம், பிள்ளை பழைய பிள்ளை.

நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. அந்தக் கைப்பேசியில் பிள்ளைகள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? யாரோடு, எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருக்குத் தெரியாமல்? இது தெரியாமல் அவர்களுக்காக நூலகம் தீட்டும் திட்டம் எதுவானாலும் அளவெடுக்காமல் தைத்த சட்டைதான்.

கேள்வியைக் கூடலூரிலிருந்து கேட்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்த ஊர். நெல் வயலும் திராட்சைப் பந்தலும் ஒருபுறம். விடியுமுன் ஜீப்பில் மலையேறிக் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய் இருட்டும் நேரத்தில் இறங்கி வருகிற குடும்பங்கள் மறுபுறம். சென்ற கோடையில் இங்கும் லோயர் கேம்ப்பிலும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினேன். அதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பேச்சுகள் நம் பொதுப்புத்தியிலுள்ள ‘கைப்பேசிக்கு அடிமையான இளைஞன்’ என்ற உருவத்தைக் கலைத்துப் போடப் போதுமானவையாக இருந்தன.

2

முதலில் நூலகம் யாரை மனதில் வைத்துக் கட்டப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ எல்லா நூலகச் சுவரிலும் ‘அமைதி காக்கவும்’ என்றொரு பலகை தொங்குகிறது. சாதாரணப் பலகைதானே என்று கடந்துவிடுகிறோம். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரு வாசகத் தன்னிலை கட்டமைக்கப்பட்டிருக்கிறது. தனியாக வருகிறவன், நாற்காலியில் உட்கார்ந்து உதடு அசையாமல் கண்ணால் படிக்கிறவன், படித்ததைத் தனக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போகிறவன். (‘வன்’ விகுதியைத் தெரிந்தேதான் போடுகிறேன். பெரும்பாலான நாள்களில் வாசிப்பு மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஆண்கள்.)

இந்த மௌன வாசகர் இயற்கையாக முளைத்தவர் அல்லர். தமிழில் அவருக்கு வயது ஒரு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆ.இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ (2002) நூலில் இந்த மாற்றத்தின் வரலாற்றை எழுதியிருக்கிறார். அதற்கு முன் வாசிப்பு என்பது பெரும்பாலும் வாய்விட்டு வாசிப்பதுதான். ஒருவர் படிக்கப் பலர் கேட்பது. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் அப்படித்தான் ஊர்ஊராகப் போய்ச் சேர்ந்தன. எழுத்தறியாதவரும் அந்த வாசிப்பில் பங்காளி. நாவல் வந்தபோதுதான் தனிமையும் மௌனமும் வாசிப்பின் இலக்கணமாகின்றன. அப்போதும் ஒரு பதற்றம் கிளம்பியது: நாவல் படித்து இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள், பெண்கள் வீட்டு வேலையை மறக்கிறார்கள். பிறகு இதே குற்றச்சாட்டு சினிமாமேல் வந்தது, தொலைக்காட்சிமேல் வந்தது. இன்று கைப்பேசியைத் திட்டுகிறவர்கள் மீட்சிக்கு மருந்தாக நீட்டுவது எதை? ஒரு காலத்தில் நோய் என்று சொல்லப்பட்ட அதே நாவலை.

எல்லாப் பதற்றமும் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். வாசிப்புக்கு ஒரே வடிவம்தான் உண்டு என்ற எண்ணம் வரலாற்றில் நிற்காது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். நம் நூலகங்கள் அந்த ஒரே வடிவத்துக்கு ஏற்ப மேசை நாற்காலி போட்டு வைத்திருக்கின்றன. போதாததற்கு, கடந்த இருபது ஆண்டுகளில் அந்த மேசைகளை டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு போக்கிடம் இல்லாதவர்கள். ஆனால் விளைவு என்ன? ஒரு மூலையில் படக்கதை அடுக்கிய சிறுவர் பகுதி. மற்ற இடமெல்லாம் போட்டித்தேர்வு. 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர் சிறுவரும் அல்லர், விண்ணப்பதாரரும் அல்லர். அவருக்கு அங்கே அலமாரியும் கிடையாது, பேசுவதற்கு அனுமதியும் கிடையாது.

3

இனி கைப்பேசிக்கு வருவோம். ‘ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு போன்’ என்பது நகர நடுத்தர வர்க்கத்தின் அனுபவம். ‘ஏசர்’ என்று அறியப்படுகிற கல்விநிலை ஆய்வு 2023ஆம் ஆண்டு அறிக்கைக்காக 14 முதல் 18 வயதுவரை உள்ள கிராமப்புற இளையோரைச் சந்தித்தது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்கள், தமிழகத்திலிருந்து பெரம்பலூர். ஏறத்தாழ 90 விழுக்காட்டினரின் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அதை இயக்கத் தெரிந்தவர்களில் சொந்தமாகக் கைப்பேசி வைத்திருந்த பையன்கள் 43.7 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 19.8 விழுக்காடு. ஆக, பெரும்பாலான பிள்ளைகள் புழங்குவது இன்னொருவருடைய கைப்பேசியில். பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இந்த ஒரு செய்தி போதும், ‘இணையப் பழக்கம்’ என்ற சொல்லையே நாம் திருத்திக்கொள்ள. கூடலூரில் பல வீடுகளில் கைப்பேசி அம்மாவோடு அதிகாலை ஜீப்பில் ஏறி ஏலக்காட்டுக்குப் போகிறது, அம்மாவோடு திரும்புகிறது. பிள்ளையின் இணைய நேரம் ஜீப் இறங்கும் நேரத்தில் தொடங்கி, அம்மா சமைத்து முடித்துப் படுக்கும்போது முடிகிறது. நடுவில் தம்பியின் பங்கு, அண்ணனின் பங்கு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை என்னிடம் சொன்னாள்: “அப்பா போன்ல பாக்கலாம்ண்ணே. ஆனா என்ன பாத்தோம்ங்கறத அழிச்சுப்புட்டுத்தான் குடுக்கணும்.” இதில் எந்த ரகசியமும் இல்லை, அவள் பார்த்தது மருதாணி போடும் வீடியோ. ஆனாலும் அழிக்கிறாள். அப்பா பார்ப்பார் என்ற எண்ணமே அவளது விரலை இயக்குகிறது. அதிகாரம் தன்னைக் கண்காணிப்பாகவே நிறுவிக்கொள்ளும் என்று கோட்பாட்டுப் புத்தகங்களில் படித்ததற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இது எங்கள் ஊர் விசேஷம் என்று நினைக்க வேண்டாம். மானிடவியலாளர் ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னைக்கு அருகே, கிராமமும் தகவல்தொழில்நுட்ப நிறுவனங்களும் உரசிக்கொள்ளும் ஒரு பகுதியில் தங்கிக் களப்பணி செய்தார். அந்த இடத்துக்குப் ‘பஞ்சகிராமி’ என்று புனைபெயரிட்டு, தென்னிந்தியாவில் சமூக ஊடகம் பற்றி அவர் எழுதிய நூல் 2017இல் வெளியானது. சமூக ஊடகம் பழைய உறவுகளை உடைத்து ஒரு புது உலகத்தைப் படைத்துவிடவில்லை. குடும்பம், சாதி, வர்க்கம், பால் ஆகிய கட்டுமானங்கள் அதற்குள்ளும் தொடர்கின்றன என்பது அவர் காட்டும் சித்திரம். இளம் பெண்களின் கைப்பேசிப் பயன்பாட்டைக் குடும்பம் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதும் அதில் வருகிறது. சென்னையின் விளிம்பில் பார்த்ததும் மலையடிவாரத்தில் பார்ப்பதும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள்தாம்.

எனவே ஒரு நூலகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை மணி நேரம்?’ என்பதல்ல. யாருடைய கைப்பேசி, எங்கே உட்கார்ந்து, பக்கத்தில் யார் என்பதுதான். மணிக்கணக்கைக் கேட்டால் பிள்ளை குறைத்துச் சொல்லும், அம்மா கூட்டிச் சொல்வார். இடத்தைக் கேட்டால் இருவரும் உண்மை சொல்வார்கள்.

4

சரி, கிடைத்த அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள்? ஜப்பானியப் பின்னணி கொண்ட மிசுகோ இட்டோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அமெரிக்க இளையோரிடையே பல ஆண்டுகள் நடத்திய ஆய்வில் மூன்று வகைப் புழக்கத்தைப் பிரித்துக் காட்டினார்கள். நம் பேச்சில் சொன்னால்: சேர்ந்து சும்மா கிடப்பது, நோண்டிப் பார்ப்பது, பித்தாகிப் போவது. முதலாவதில் நட்புதான் முக்கியம், கருவி சாக்கு. இரண்டாவதில் ‘இத அமுக்குனா என்னாகும்’ என்ற குறுகுறுப்பு. மூன்றாவதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் அடி ஆழம்வரை போவது. இவை மூன்று வகை ஆள்களைக் குறிப்பன அல்ல. ஒரே பிள்ளை காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றதிலும் இருக்கலாம்.

இது வெறும் வகைபாடாக நின்றுவிடவில்லை என்பதால்தான் இங்கே கொண்டுவருகிறேன். 2009இல் சிகாகோ பொது நூலகத்தின் மைய நூலகத்தில் ‘யூமீடியா’ என்ற பதின்பருவத்தினருக்கான பகுதி இந்த ஆய்வையே அடித்தளமாக வைத்துத் திறக்கப்பட்டது. சும்மா உட்கார்ந்து பேச ஓரிடம், கருவிகளை நோண்ட ஓரிடம், ஒரு வேலையை முனைந்து செய்ய ஓரிடம். பாட்டுப் பதிவு, காணொளி, கவிதை வாசிப்பு என்று எல்லாம் அங்கே நடந்தன. வழிகாட்டத் தெரிந்த பெரியவர்கள் கூட இருந்தார்கள், ஆசிரியராக அல்ல. முதலில் பழக்கத்தைக் கவனித்தார்கள். பிறகு அதற்கேற்ப மேசை போட்டார்கள். நாம் முதலில் மேசையைப் போட்டுவிட்டு, அதற்கேற்ப உட்காராதவனைப் ‘பொறுப்பில்லாதவன்’ என்கிறோம்.

டானா பாய்ட் 2014இல் வெளியிட்ட நூலில் இன்னொரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறார்: இளையோர் கருவியிடம் மயங்கிக் கிடக்கவில்லை, அவர்கள் தேடுவது ஒருவரையொருவர்தான். கூடி நிற்க இருந்த இடங்களைப் பெரியவர்கள் அடைத்துவிட்டதால்தான் கூட்டம் இணையத்துக்குப் போனது என்பது அவர் வாதம். இதை அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? கூடலூரில் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு டீக்கடைப் பெஞ்சாவது இருக்கிறது, ஆற்றங்கரை இருக்கிறது, கிரிக்கெட் ஆட ஒரு தரிசு இருக்கிறது. அதே வயதுப் பெண்பிள்ளைக்கு? பள்ளி, வீடு, கோவில், டியூஷன். இந்த நான்கில் எதிலும் அவள் தன் தோழியோடு காரணம் சொல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. மாதவிடாய் பற்றி, மேற்படிப்பு பற்றி, பதினெட்டு ஆவதற்கு முன்பே வீட்டில் தொடங்கிவிட்ட மாப்பிள்ளைப் பேச்சு பற்றி அவள் யாரிடம் கேட்பாள்? கூகுளிடம் கேட்டுவிட்டு அழிக்கிறாள்.

நூலகத்துக்குப் போறேன் என்று சொன்னால் மட்டும் வீட்டில் விடுவார்கள். இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஊரில் ஒரு பெண்பிள்ளை போய்வர மதிப்பான காரணமாக இன்னும் மிச்சமிருக்கிற பொதுவெளி நூலகம் ஒன்றுதான். அந்த மதிப்பு இருக்கிறவரை அதைப் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் நமக்கு மன்னிப்பே கிடையாது.

5

பித்தாகிப் போவது என்றேன். அதற்கு எங்கள் பள்ளத்தாக்கிலிருந்தே ஓர் உதாரணம். 2023 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மே 27 அன்று கம்பம் நகருக்குள் வந்துவிட்டது. 144 தடை உத்தரவு. வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் கைப்பேசி வழியாக அந்த யானையோடு வாழ்ந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். ஜூன் 5ஆம் தேதி தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோகும்வரை, அதன் கழுத்திலிருந்த கண்காணிப்புப் பட்டை, மயக்க ஊசி, வலசைப் பாதை என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசக்கூடியவர்களாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாறியிருந்தார்கள். மலையாளத்தில் வந்த காணொளிகளைப் பார்த்துத் தமிழில் நண்பர்களுக்குச் சொன்னார்கள். எல்லையோர ஊர்ப் பிள்ளைகளுக்கு மலையாளம் காதால் வரும். பள்ளியில் இந்த மொழியறிவுக்கு மதிப்பெண் இல்லை, நூலகத்தில் அலமாரி இல்லை.

அந்த ஒரு வாரம் ஒரு நூலகம் என்ன செய்திருக்கலாம்? யானைகளைப் பற்றிய நான்கு புத்தகத்தை எடுத்து முன் மேசையில் வைத்திருக்கலாம். ஒரு பழைய வேட்டைத்தடுப்புக் காவலரை அழைத்து உட்காரவைத்திருக்கலாம். எந்தக் காணொளி உண்மை, எது வேறெங்கோ எடுத்தது என்று பிள்ளைகளையே பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். வாசிப்பு ஆர்வம் அங்கே ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. உலை கொதிக்கும்போது அரிசி போட ஆள் இல்லை.

முல்லைப் பெரியாறு அணையும் அப்படித்தான். மழைக்காலம் தொடங்கினாலே ‘அணை உடையப் போகிறது’ என்று ஒரு காணொளி அந்தப் பக்கமிருந்து வரும். அதற்குச் சுடச்சுட ஒரு பதில் காணொளி இந்தப் பக்கமிருந்து போகும். 2011இல் இந்த எல்லையில் நடந்த போராட்டங்களின்போது இன்றைய பிள்ளைகள் கைக்குழந்தைகள். அவர்களுக்குத் தெரிந்த அணை கைப்பேசி அணைதான். 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகை, 1895இல் முடிந்த கட்டுமானம், 142 அடிக்கு நீர் தேக்க அனுமதித்து 2014 மே 7இல் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு என்று ஆவணங்களின் ஒரு பெரிய குவியல் இருக்கிறது. லோயர் கேம்ப்பில் 2013இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபத்தின் முன் நின்று செல்பி எடுக்கிற பிள்ளைக்கு இந்தக் குவியலுக்கான வழியை யார் காட்டுவது? எங்கள் வட்டார நூலகம் ஒன்றுக்குப் பதின்பருவ நிகழ்ச்சி வேண்டுமென்றால் ‘அணைக் கோப்பு’ என்று ஒன்றைத் திறந்தாலே போதும். வருகிற வதந்திகளை எழுதி ஒட்டுவது; எதிரே ஆவணத்தைத் தேடி ஒட்டுவது; தண்ணீர் திறந்த நாளை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குரல்பதிவு செய்வது. கிடைப்பதைக் கொண்டு, 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் தங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திருத்தலாம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் வாய்மொழி மரபு என்றால் ஏட்டில் ஏறி முடிந்துபோன ஒன்று என்பதுபோலத்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அது இந்தப் பிள்ளைகளின் குரல்பதிவில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 3இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதம் 24ஆம் தேதி விலக்கியது. 2020 ஜூன் 29இல் ஒன்றிய அரசு ஒரேயடியாகத் தடை செய்தது. தடையின் நியாயத்தை விடுங்கள். திராட்சைப் பந்தலுக்குள் ஆடியவர்கள், களையெடுத்துக்கொண்டே வசனம் பேசியவர்கள் என்று இந்தப் பள்ளத்தாக்கின் சாதாரண மனிதர்கள் தங்களைத் தாங்களே படம் பிடித்துவைத்த ஒரு பெரும் பிரதி ஒரே இரவில் கைக்கெட்டாமல் போனது. ஓலைச்சுவடி செல்லரித்தது பற்றிக் கண்ணீர் விடுகிற நாம் இதற்கு ஒரு ‘அடடா’கூடச் சொல்லவில்லை. உயர்ந்தது தாழ்ந்தது என்ற பழைய படிநிலை எவ்வளவு ஆழமாக நம் எலும்புக்குள் இருக்கிறது என்பதற்கு இந்த மௌனமே சாட்சி.

6

இவ்வளவு சொன்ன பிறகு வாசகர் கேட்கலாம்: அப்படியானால் கைப்பேசியில் தவறே இல்லையா? இருக்கிறது. விளிம்பின் குரல் என்று எல்லாவற்றையும் கொண்டாடிவிட்டுப் போகிற சோம்பேறித்தனத்தில் எனக்கு உடன்பாடில்லை.

தென்மாவட்டங்களில் பதின்பருவப் பையன்களின் ஸ்டேட்டஸ்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதித் தலைவர் படம், அரிவாள், உறுமும் பின்னணி இசை. சுவரொட்டியும் ஃப்ளெக்ஸும் செய்த வேலையை இப்போது முப்பது விநாடிக் காணொளி செய்கிறது. ஒன்றைப் பார்த்தவனுக்கு அடுத்ததை இயந்திரமே ஊட்டுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்கே போய் வெட்டியவர்கள் சக மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அவிழ்க்கலாம். கைப்பேசிக்குள் கட்டிய கயிற்றை யார் அவிழ்ப்பது?

சூதாட்டம் இன்னொரு பக்கம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. தடை தேவைப்படுகிற இடங்கள் உண்டு. ஆனால் தடைக்குப் பின் அந்தப் பிள்ளை மாலை ஆறு மணிக்கு எங்கே போய் யாரோடு உட்காரும் என்ற கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் நூலகத்துக்கு வேலை இருக்கிறது.

கூடவே ஓர் எச்சரிக்கை. ‘இணையப் பழக்கத்தை அறிவது’ என்ற பேரில் நூலகமே இன்னொரு அப்பாவாகிவிடக் கூடாது. பெயர், வகுப்பு, கைப்பேசி எண், பார்த்த பக்கம் என்று படிவம் நீட்டினால் அந்தப் பெண்பிள்ளை மறுநாள் வரமாட்டாள். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டத்துக்குப் பயந்து அல்ல, நம்பிக்கையைக் காப்பதற்காகவே நூலகம் எதையும் குறித்துவைக்காமல் இருக்கப் பழக வேண்டும். பெயர் கேட்காமலே பழக்கத்தை அறியலாம். ‘நேற்று சாயங்காலம் போன்ல என்ன பாத்தீங்க, கூட யாரு இருந்தா, பாத்துட்டு யார்கிட்டச் சொன்னீங்க?’ என்று மூன்று கேள்வி. துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் போகட்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி டப்பா, பெண் ஒருவர் திறந்து படிக்க. மாதம் ஒருமுறை இதைச் செய்தால், எங்கோ தலைநகரத்தில் அச்சடித்த வினாப்பட்டியலைவிட அந்த ஊருக்குப் பொருத்தமான செய்தி கிடைக்கும்.

7

நடைமுறைக்கு ஒத்துவருமா? 1948ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம். எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னால் உண்டு. இன்று சொத்துவரியில் 10 விழுக்காடு நூலக வரி வசூலாகிறது. ஊர் வரி கொடுக்கிறது. ஆனால் நூலகம் எப்படி நடக்க வேண்டும் என்பதில் ஊருக்குச் சொல் இல்லை. குமுளி மலையேறி அந்தப் பக்கம் போனால் நிலைமை வேறு. 1945இல் பி.என். பணிக்கர் முன்னெடுத்த கிரந்தசாலா சங்கத்தின் வழியில், கேரளத்து ஊர் நூலகங்களை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழுக்கள் நடத்துகின்றன. அரசின் நூலகக் கவுன்சில் மானியம் தருகிறது. பிள்ளைகளுக்குப் பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி என்று பேசுவதற்கென்றே அமைப்புகள் உண்டு. அங்கேயும் குறைகள் இருக்கும். ஆனால் நூலகம் என்றால் பேச்சும்தான் என்பது அங்கே விவாதப் பொருள் அல்ல.

நம்மிடமும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர்ஊராகப் போனார்கள். வாசகர் வரட்டும் என்று காத்திருக்காமல், அவர் இருக்கும் இடத்துக்கு வண்டியைத் திருப்பினார்கள். அதே ஆண்டு வெளியான ரங்கநாதனின் ஐந்து விதிகளில் கடைசி விதி நூலகத்தை வளர்கிற உயிர் என்கிறது. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பிரமாண்டமானதுதான். ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். உயிர் வளர வேண்டியது தெருக்கோடிக் கட்டடத்தில்.

பெரிய செலவு தேவைப்படுகிற எதையும் நான் கேட்கவில்லை. ஜீப் இறங்குகிற நேரத்தையும் பள்ளி விடுகிற நேரத்தையும் பார்த்து வாரத்தில் இரண்டு மாலை, ஐந்தரை முதல் ஏழரை வரை, பேசலாம் என்று அறிவியுங்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மற்ற நேரம் அப்படியே இருக்கட்டும். அந்த இரண்டில் ஒன்று பெண்பிள்ளைகளுக்கு மட்டும். நூலகத்துக்குச் சொந்தமான ஒரு கணினி. பார்த்ததைப் பதிவு செய்யாமல், யாரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்காமல். ஒரு மாலையில் சேர்ந்து ஒரு காணொளி பார்ப்பது, அதைப் பற்றிச் சண்டை போடுவது. இன்னொன்றில் யாராவது ஒரு கதையை வாய்விட்டு வாசிப்பது. எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையோடு உட்காருகிறது என்பதை மட்டும் நூலகர் கவனித்துக்கொண்டால் போதும். சாதித் தெருவைத் தாண்டி இரண்டு பேர் ஒரு கோப்பின்மேல் குனிந்திருந்தால், கைப்பேசிக்குள் கட்டிய அந்தக் கயிற்றில் ஒரு முடிச்சாவது தளர வழி பிறக்கும். போட்டி வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

பல ஊர்களில் நூலகம் என்பதே ஒற்றை ஆள். திறப்பதும் அவர், பெருக்குவதும் அவர், பதிவேடு எழுதுவதும் அவர். அவர்மீது இந்தச் சுமையையும் ஏற்றிவிட்டு நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க முடியாது. உள்ளூரில் இருக்கும் ஆசிரியர்கள், செவிலியர்கள், கல்லூரிக்குப் போய்த் திரும்பிய பெண்கள், இதுபோன்ற பத்திரிகை படிக்கிற நம்மைப் போன்றவர்கள் மாறிமாறி உட்கார வேண்டும். போய் உட்காரும்போது ‘அந்தக் காலத்துல நாங்கள்லாம்’ என்று தொடங்காமல் இருப்பதுதான் இதில் கடினமான வேலை. பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அவர்கள் காட்டுவதை முழுசாகப் பார்த்துமுடிக்கிற பொறுமை நமக்கு இருக்கிறதா என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். அவர்கள் காட்டத் தொடங்கினால் அழிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.